விசேஷத்துக்கு நேரமாச்சு என்று விமானிக்குச் சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி பதில்
பதில் எழுதுபவர்: காரைக்குடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற விமானப் பயிற்றுநர்

கேள்வி: என் பேரன் அமெரிக்காவில், டெக்சாஸில் வேலை பார்க்கிறான். போன வருஷம் சின்ன விமானம் ஓட்ட லைசென்ஸ் வாங்கினான். அடுத்த மாதம் அங்கேயே இருக்கும் அவன் தங்கை வீட்டு விசேஷம். நாலு பேர் உட்காரும் விமானத்தை வாடகைக்கு எடுத்து, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போகப் போகிறானாம். காரில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகுமாம். "மழை கிழை வந்தால் என்னப்பா செய்வே?" என்று கேட்டேன். "பார்த்துக்கலாம் அப்பத்தா" என்கிறான். அன்றிலிருந்து எனக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. போகாதே என்று சொல்லலாமா?
(தேவகோட்டை வாசகி)

ஆச்சி, போகாதே என்று சொல்ல வேண்டாம். முறையாகப் பராமரித்த விமானம், தெளிந்த வானம், கற்றுக்கொண்ட பிள்ளை. இந்த மூன்றும் இருந்தால் அது நல்ல பயணம்தான். ஆனால் "பார்த்துக்கலாம்" என்றானே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன்.

மோசமான வானிலை என்றதும் இடியும் மின்னலும் சூறைக்காற்றும்தான் நம் நினைவுக்கு வரும். புதிதாக லைசென்ஸ் வாங்கிய விமானிக்கு அவற்றைவிடப் பெரிய எமன் ஒன்று உண்டு. சத்தமில்லாத, வெள்ளை வெளேரென்ற, பார்க்கச் சாதுவான மேகம். உள்ளே நுழைந்ததும் அடிவானம் மறைந்துபோகும். அடிவானம் மறைந்தால், எது மேல் எது கீழ் என்பதே மனிதனுக்குத் தெரியாது. நான் மிகைப்படுத்தவில்லை. நம் உடம்பு அப்படித்தான் அமைந்திருக்கிறது.

சின்ன வயதில் வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு சுற்றியிருப்பீர்கள். சட்டென்று நின்றால் வீடே எதிர்ப்பக்கம் சுற்றும். ஒவ்வொரு காதுக்குள்ளும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, அவற்றில் ஒரு திரவம். தலை திரும்பும்போது அந்தத் திரவம் பின்தங்கும். அதை வைத்துத்தான் "திரும்புகிறோம்" என்று மூளைக்குத் தெரிகிறது. ஒரே வேகத்தில் பத்து இருபது விநாடி சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் கூடவே சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் காது மூளைக்குச் சொல்வது, "நேராகத்தான் போகிறோம்" என்று. சுற்றுவது நின்றதும் எதிர்ப்பக்கம் சுற்றுவதாகச் சொல்லும். தரையில் இருந்தால் கண் திறந்து பார்த்துத் தெளிந்துகொள்ளலாம். மேகத்துக்குள் கண் திறந்தாலும் வெள்ளைதான்.

இதில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சீராகத் திரும்பும்போது, உள்ளே இருப்பவருக்குச் சாய்ந்திருக்கிற உணர்வே வராது. உடம்பு இருக்கையில் நேராகத்தான் அழுந்தும். டம்ளரில் தண்ணீர் வைத்திருந்தால் அதுகூடச் சிந்தாது. சிறகு சாய்ந்தால் மூக்கு மெல்ல இறங்கும், வேகம் கூடும். உயரம் குறைவதைப் பார்த்த விமானி, மூக்கைத் தூக்குவதற்காகக் கட்டுப்பாட்டுக் குச்சியைப் பின்னால் இழுப்பார். சிறகு சாய்ந்திருக்கும்போது இழுத்தால் விமானம் ஏறாது, வட்டம்தான் இறுகும். இன்னும் இழுப்பார். இன்னும் இறுகும். ஆங்கிலத்தில் இதற்குச் இடுகாட்டுச் சுழல் என்று பொருள்படும் பெயரே வைத்திருக்கிறார்கள்.

1954-இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துவிட்டு, விமானம் ஓட்டச் சொன்னார்கள். பக்கத்தில் பயிற்றுநர் இருந்ததால் உயிருக்கு ஆபத்து இல்லை. 20 பேரில் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 விநாடியில். அதிகமாகத் தாக்குப்பிடித்தவர் 480 விநாடி. சராசரி 178 விநாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை, ஆச்சி. என்னிடம் படித்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் நாளே இந்த எண்ணைச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு இது புத்தகத்தில் படித்த விஷயம் மட்டுமல்ல. 1979, கார்த்திகை மாதம். எனக்கு 26 வயது. அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, காரைக்குடியில் சாந்திக் கல்யாணம் என்கிற அறுபதாம் கல்யாணம். நான் இருந்த பயிற்சிக் கழகத்தின் புஷ்பக் விமானம் ஒன்றைத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. மதுரையில் இறங்கி பஸ் பிடித்தால் ராத்திரிக்குள் வீடு என்று கணக்குப் போட்டேன். முதல் நாள் டிரங்கால் (அந்தக் காலத்து வெளியூர்த் தொலைபேசி அழைப்பு) போட்டபோது ஆத்தா சொன்னார்கள்: "எல்லாரும் வந்தாச்சு. நீ ஒருத்தன்தான் பாக்கி. அப்பச்சி வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காக."

காலையில் திருச்சியில் மேகம் உயரத்தில்தான் இருந்தது. தெற்கே கறுத்திருந்தது. காத்திருக்கலாம் என்று ஒரு மூத்த விமானி சொன்னார். நான் கிளம்பினேன்.

விராலிமலை தாண்டியதும் மேகம் இறங்கத் தொடங்கியது. நானும் கூடவே இறங்கினேன். இதுதான் எல்லாரும் செய்கிற முதல் தப்பு. மேகம் நம்மைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போகும், நாமும் பணிந்து போய்க்கொண்டே இருப்போம். வலது பக்கம் மலைகள் இருப்பது தெரியும், பார்க்க முடியவில்லை. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பச்சி முகம்தான் கண்ணில் நின்றது. கொஞ்ச தூரம்தான், அந்தப் பக்கம் வெளுத்திருக்கும் என்று நினைத்த நிமிஷமே முன்கண்ணாடி வெளுத்துப் போனது.

அந்த விமானத்தில் செயற்கை அடிவானக் கருவி கிடையாது. உயரமானி 2,200 அடி காட்டியது. நான் நேராகப் பறக்கிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். முதலில் மாறியது சத்தம். சிறகுத் தாங்கியில் காற்றின் ஊளை ஏறிக்கொண்டே போனது. வேகமானி முள் ஏறியது, உயரமானி இறங்கியது. குச்சியை இழுத்தேன். உடம்பு இருக்கையில் அழுந்தியது, உயரமானி இன்னும் வேகமாக இறங்கியது. மேகத்தின் அடிவயிற்றிலிருந்து வெளியே விழுந்தபோது, இடது சிறகுக்கு நேரே ஒரு கண்மாய். தண்ணீர் கிடையாகக் கிடக்கவில்லை, சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. கரையில் மாடுகள் அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றன. சாய்ந்திருந்தது கண்மாய் இல்லை, நான்தான் என்று புரிய ஒரு கணம் ஆனது. சிறகை நிமிர்த்தி, அப்புறம் மூக்கைத் தூக்கினேன். தரைக்கு மேலே 600 அடி இருந்திருக்கும். மேகம் இன்னும் 500 அடி தாழ்வாக இருந்திருந்தால் இந்தப் பதிலை எழுத நான் இல்லை.

திருச்சிக்கே திரும்பினேன். சாந்திக் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனபோது அப்பச்சியிடம் நடந்ததைச் சொன்னேன், ஆத்தாவிடம் சொல்லவில்லை. ஆத்தா டிரங்காலில் சொன்னது அன்பால் சொன்னது. ஆனால் மேகத்துக்குள் என்னைத் தள்ளியதில் அதற்கும் பங்கு உண்டு. அவர்கள் காலமாகும்வரை அது அவர்களுக்குத் தெரியாது.

உங்கள் பேரன் அமெரிக்காவில் இருப்பதால் அந்த நாட்டுக் கதை ஒன்றையும் சொல்கிறேன். ஜான் எப். கென்னடியின் மகன், அதே பெயர் கொண்டவர், 1999 ஜூலை 16 அன்று மனைவியையும் மனைவியின் அக்காவையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குத் தன் பைப்பர் சரடோகா விமானத்தை ஓட்டிப் போனார். மறுநாள் சித்தப்பா மகள் கல்யாணம். கிளம்பும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. அன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. கடல் மேல் வெறும் மங்கல். கடலும் வானமும் ஒரே கறுப்பாகிவிட்டன. அவரிடம் லைசென்ஸ் இருந்தது, கருவி பார்த்து ஓட்டும் தகுதி இல்லை. இருட்டில் திசை உணர்வு குழம்பி விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார் என்றுதான் விசாரணை முடிந்தது. மூவரும் இறந்தார்கள். நம் நாட்டில் கண்பார்வையை நம்பிப் பறப்பவர்கள் இரவில் பொதுவாகப் பறக்கக் கூடாது. அமெரிக்காவில் அது அனுமதி. அதனால் உங்கள் பேரனிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

"இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் இருக்கா அப்பா?" என்று கேளுங்கள். கருவி பார்த்து ஓட்டும் தகுதிக்கு அதுதான் பெயர், இதே சொல்லில் கேட்டால் அவனுக்குப் புரியும். இல்லை என்றால், மேகம் தாழ்ந்த நாளிலும் பொழுது சாய்ந்த பிறகும் பெண்டாட்டி பிள்ளையோடு ஏறக் கூடாது என்று சொல்லுங்கள். ஒருநாள் முன்கூட்டியே கிளம்பச் சொல்லுங்கள். வழியில் எந்த ஊரில் இறங்கினாலும் அங்கிருந்து கார் பிடிக்க ஏற்பாடு இருக்கட்டும். இறங்க வேறு வழி இருக்கிறது என்று தெரிந்த விமானிதான் மனசார இறங்குவான். தப்பித் தவறி மேகத்துக்குள் போய்விட்டால் உடம்பு சொல்வதைக் கேட்காமல் கருவியை மட்டும் பார்த்து, விநாடிக்கு 3 பாகை வீதம் மெதுவாகத் திரும்பினால் சரியாக ஒரு நிமிஷத்தில் வந்த வழிக்கு முகம் திரும்பிவிடும். இது அவனுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பயிற்றுநரோடு இன்னொரு முறை பழகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமானது நீங்கள் ஒருவர்தான் செய்யக்கூடியது. கிளம்புவதற்கு முதல் நாள் அவனைக் கூப்பிட்டு, "நீ வராட்டியும் விசேஷம் நடக்கும்பா, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாக" என்று சொல்லுங்கள். தங்கையையும் அவள் மாமியாரையும் சொல்லச் சொல்லுங்கள். பறக்கும்போது வீட்டிலிருந்து யாரும் "எங்கே வர்றே, எப்ப வர்றே" என்று செய்தி அனுப்ப வேண்டாம்.

கேள்வி: பெரிய விமானங்கள் மழையிலும் மேகத்திலும் தாராளமாகப் பறக்கின்றனவே. சின்ன விமானத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பயம்?
(கல்லூரி மாணவர், காரைக்குடி)

தம்பி, பயணிகள் விமானம் 30,000 அடிக்கு மேலே, பெரும்பாலான வானிலைக்கும் மேலே பறக்கிறது. சின்ன விமானம் மூவாயிரம், ஐயாயிரம் அடியில், மழை பிறக்கிற இடத்திலேயே பறக்கிறது. அங்கே இரண்டு விமானிகள், ரேடார், பனி ஒட்டாமல் காக்கும் ஏற்பாடு, வருஷம் தவறாத பயிற்சி எல்லாம் உண்டு. அவர்களும் இடிமேகத்தைக் கண்டால் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். கடுமையான இடிமேகம் என்றால் 20 கடல் மைல், அதாவது 37 கிலோமீட்டர் தள்ளிப் போ என்பது விமானிகளின் பாடம். இங்கே கணக்குப் போட்டால், காரைக்குடிக்கு மேல் மேகம் என்றால் திருப்பத்தூர்கூடப் போதுமான தூரம் கிடையாது.

சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் நம் பக்கம் எழும்புகிற இடிமேகத்தைக் கவனித்திருப்பாய். மழைக்கு முன்னால் சில்லென்று ஒரு காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். மேகத்திலிருந்து கீழே கொட்டுகிற குளிர்ந்த காற்று தரையில் மோதி நாலாபக்கமும் சிதறுவதுதான் அது. இறங்கிக்கொண்டிருக்கும் சின்ன விமானம் அதில் சிக்கினால், முதலில் எதிர்க்காற்று, அடுத்த சில விநாடியில் பின்காற்று. செஸ்னா 172 என்ற நாலு பேர் விமானம் இறங்கும்போது ஏறக்குறைய 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம். அதில் இருபது நாட் சட்டென்று குறைந்தால் சிறகு தாங்காது. தரை பக்கத்தில் இருப்பதால் மீள இடமும் இருக்காது.

கேள்வி: பெரிய தலைவர்கள் எத்தனையோ பேர் இப்படி மோசமான வானிலையில் விமானம் விழுந்து போய்விட்டார்கள். அவர்களுக்குக் கிடைப்பது நல்ல விமானம், நல்ல விமானிதானே?
(புதுக்கோட்டை வாசகர்)

ஆமாம், நல்லவைதான். காங்கிரஸ் தலைவர் மாதவராவ் சிந்தியா 2001 செப்டம்பர் 30 அன்று கான்பூர் கூட்டத்துக்குப் போகும் வழியில், மோசமான வானிலையில், மைன்புரி அருகே கிங் ஏர் விமானம் விழுந்து இறந்தார். அதில் இருந்த எட்டுப் பேரும் போனார்கள். 2009 செப்டம்பர் 2 அன்று ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டியின் ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் மழை மேகத்தில் விழுந்தது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் போன முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் குன்னூர் அருகே இறந்தாரே, அது ராணுவ ஹெலிகாப்டர், தனியார் விமானம் இல்லை. ஆனால் விமானப்படை விசாரணை சொன்ன காரணத்தைப் பாருங்கள்: பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசை உணர்வு குழம்பியது. அனுபவத்தில் குறைந்தவர்களா அவர்கள்? காது எல்லாருக்கும் ஒன்றுதான்.

தலைவர்களை ஏற்றிக்கொண்டு போகும் விமானிக்கு இன்னொரு சுமை கூடும். கூட்டம் காத்திருக்கிறது, மேடை போட்டாச்சு, மாலை வாங்கியாச்சு. யாரும் வாய் திறந்து கட்டாயப்படுத்த வேண்டாம், கைக்கடிகாரத்தைப் பார்த்தாலே போதும். நான் வாடகை விமானம் ஓட்டிய நாட்களில் ஒரு தொழிலதிபரை ஏற்றிக்கொண்டு கோவைக்குப் போகும்போது பாதி வழியில் திரும்பினேன். தரையில் இறங்கியதும் அவர் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார், வேறு ஆளை வைத்துக்கொள்கிறேன் என்றார். அவர் உயிரோடு நின்று திட்டுகிறாரே என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தமில்லை.

கேள்வி: வானிலை மோசமானால் இன்ஜினில் ஐஸ் பிடிக்கும் என்று படித்தேன். நம் வெயிலுக்கு அந்தக் கவலை இல்லையே?
(பள்ளத்தூர் வாசகர்)

உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் ஏமாறுகிற இடமே இதுதான். பழைய வகை சின்ன விமானங்களில் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் இருக்கும். அதன் குறுகிய கழுத்தில் காற்று வேகமெடுக்கும்போதும் பெட்ரோல் ஆவியாகும்போதும் உள்ளே வெப்பம் இருபது பாகைக்கு மேலும் இறங்கிவிடும். வெளியே 25 பாகை, மழை விட்ட ஈரக்காற்று. கார்த்திகையில் நமக்குத் தினமும் அதுதான். உள்ளே உறைநிலைக்குப் போய், காற்றிலுள்ள ஈரம் ஐஸாகப் படிந்து கழுத்தை அடைக்கும். இன்ஜின் சுழற்சி மெல்ல மெல்ல இறங்கும். விமானி காரணம் புரியாமல், இன்ஜின் வேகத்தைக் கூட்டும் திராட்டிலைத் தள்ளுவார். பலகையில் சூடான காற்றைத் திறக்கும் குமிழ் ஒன்று இருக்கிறது, அதை முழுசாக இழுக்க வேண்டும். இழுத்ததும் ஐஸ் உருகித் தண்ணீராகி இன்ஜினுக்குள் போகும், அது இன்னும் கொஞ்சம் உதறும். அதைப் பார்த்துப் பயந்து குமிழைத் திரும்ப உள்ளே தள்ளியவர்கள் இருக்கிறார்கள். தள்ளக் கூடாது. பொறுத்துக்கொண்டால் இன்ஜின் சீராகும்.

கேள்வி: வள்ளல் அழகப்பர் விமானம் ஓட்டத் தெரிந்தவர் என்கிறார்களே, உண்மையா? எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இறந்த விபத்துக்கும் வானிலைதான் காரணமா?
(கானாடுகாத்தான் வாசகர்)

முதல் செய்தி உண்மை. அழகப்பர் லண்டன் அருகே குராய்டனில் விமானப் பயிற்சி பெற்றவர். பிறகு ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார்.

இரண்டாவது அப்படி இல்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கிய சிதம்பரம் செட்டியார் 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் இறந்தார். அது பெரிய பயணிகள் விமானம். இறங்கும்போது ஓடுதள முனைக்கு முன்னாலிருந்த கடல் தடுப்புச் சுவரில் சக்கரம் மோதியது. நெடுநேரம் பணியில் இருந்த விமானியின் களைப்பு விசாரணையில் பேசப்பட்டது. களைப்பும் மேகத்தைப் போலத்தான் வேலை செய்யும், கண் முன்னால் இருப்பதை மறைத்துவிடும்.

கேள்வி: செட்டிநாட்டில் போர்க்காலத்து ஓடுதளம் இருக்கிறதே, அங்கே பயிற்சிப் பள்ளி வந்தால் என் மகனைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன். வானிலை பார்க்க அவன் இப்போதே பழக வழி உண்டா?
(கோட்டையூர் வாசகி)

மாணவர் உரிமத்துக்கு 16 வயது நிறைய வேண்டும், அம்மா. அதுவரை வானத்தைப் படிக்கச் சொல்லுங்கள், செலவே இல்லை. கண்பார்வையில் பறக்க நம் நாட்டு விதிப்படி குறைந்தது 5 கிலோமீட்டர் தூரம் தெரிய வேண்டும். வீட்டு மாடியிலிருந்து தெரிகிற கோபுரம், தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம் எல்லாம் எத்தனை கிலோமீட்டர் என்று குறித்து வைத்துக்கொள்ளட்டும். தினமும் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று நோட்டில் எழுதட்டும். காற்றின் வெப்பத்தையும் பனிநிலை வெப்பத்தையும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பம்) சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது. இரண்டும் நெருங்க நெருங்க மூடுபனி வரும். இரண்டுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் மேகத்தின் அடிப்பாகம் சுமார் 400 அடி உயரும். எட்டு பாகை வித்தியாசம் என்றால் 3,200 அடி. ஒரு வருஷம் எழுதினால், எந்த மாதத்தில் எந்த நேரத்துக்குப் பனி விலகும் என்று எந்தப் பள்ளியும் சொல்லித் தராததை அவனே தெரிந்துகொள்வான்.

நான் காரைக்குடி வீட்டு மாடியிலிருந்து குன்றக்குடி மலையைப் பார்த்துக் குறிக்கிறேன், பத்து கிலோமீட்டர். தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்கள் கிளம்புகிற நாட்களில்தான் அது அதிகம் மறையும். இன்று காலை ஏழே முக்கால் வரை தெரியவில்லை.